சந்தையில் கூடிய சமரசம்

புதுதில்லியில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வெறுங் கடைத்தெரு அன்று. கிட்வாய் நகர், லட்சுமிபாய் நகர், நேதாஜி நகர், சரோஜினி நகர் என அரசு ஊழியர் குடியிருப்புகள் சூழ்ந்திருந்த அச்சந்தைக்குச் சனிக்கிழமை மாலையில் துணிப்பையுடன் போகாத தமிழர் தென்தில்லியில் அரியர். முருங்கைக்காய், வாழைக்காய், கறிவேப்பிலை, புழுங்கலரிசி, அப்பளம் ஆகிய யாவும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. பஞ்சாபிக் கடைக்காரரும் முருங்கைக்காயை அதன் தமிழ்ப் பெயராலேயே கூவி விற்பார். மீன்கடை வரிசையில் தமிழரும் மலையாளிகளும் வங்காளிகளும் நெருக்கியடித்து நின்று பேரம் பேசுவர். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருக்க மாட்டோம். இங்கே வாரந்தோறும் பார்த்துக்கொண்டோம்.

அத்தகைய சந்தையில் எங்களுள் இருவர் ஒருவரையொருவர் கண்டதும் வேறு வேறு சந்துகளில் திரும்பி நடக்கத் தொடங்கினர். ஒருவர், எங்கள் பங்கில் தமிழ்க் கத்தோலிக்கர் நடத்திய வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் பொருளாளர். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவர். மற்றவர் எங்கள் பாடற்குழுத் தலைவர். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்தவர். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தில்லிக்கு வந்து சென்ற 1986-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது. அவ்வாண்டுப் பிப்ரவரியில் இருவரும் தோளோடு தோள் நின்று அவரை வரவேற்றவர்கள். மே மாதத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடிய பின்னரே திருப்பலியைத் தாய்மொழியில் நிறைவேற்றும் வழக்கம் பரவிற்று. இலத்தீனில் பூசை நடந்த நாளில் எல்லார்க்கும் அது ஒன்றுபோல் விளங்காததால் மொழிச் சண்டைக்கு இடமில்லை. தாய்மொழி வந்ததும் புலம்பெயர்ந்தோர்க்கு ஒரு பேறும் ஒரு சோதனையும் சேர்ந்தே வந்தன. இந்தியும் ஆங்கிலமும் வழங்கிய பங்கு ஆலயத்தில் மாதம் ஒருமுறை தமிழ்த் திருப்பலி கேட்டுப் பெற்றோம். செப்டம்பர் 8-ஆம் நாளை ஒட்டித் திருவிழாவும் கொடியேற்றமும் சப்பரப் பவனியும் தொடங்கினோம். நமக்கென ஒன்று கிடைத்தவுடன், அது நம்முள் யாருக்கு என்ற கேள்வியும் எழுந்துவிட்டது.

பிணக்குகள் மூன்று. முந்தைய ஆண்டுத் திருவிழாக் கணக்கில் ரூ. 1,175 குறைந்தது, அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. தமிழ்த் திருப்பலி காலையிலா மாலையிலா என்பது இரண்டாவது. சப்பரத்திற்கு முதலில் தோள் கொடுப்பவர் யார் என்பது மூன்றாவது. அதை எவரும் உரக்கப் பேசவில்லை. முதலிரண்டையும் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அடியில் கனன்றது மூன்றாவதுதான் என்பதை நாங்கள் பின்னரே உணர்ந்தோம்.

இச்சண்டையில் நாங்கள் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர். பாடற்குழுத் தலைவர் பக்கம் நின்ற எங்கள் குடும்பத்தார்தாம் மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். தமிழில் நன்றாக எழுத வரும் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. அதில் 'கையாடல்' என்ற சொல்லை நாங்களே தேர்ந்து எழுதினோம். பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டனர். செய்தி அறிந்த பொருளாளர், வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொல்லியனுப்பினார்.

இந்நிலையில் பங்குத்தந்தை, எங்களுள் மூத்தவர் ஒருவரை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். நெல்லைச் சீமையின் தென்கோடியில், வடக்கன்குளத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்றே அழைத்தோம். அவர் தீர்ப்புச் சொல்ல ஒப்பவில்லை. “தீர்ப்பு வேண்டுமானால் திஸ் ஹஸாரிக்குப் போங்கள். அங்கே ஒருவர் வெல்வார், ஒருவர் தோற்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பந்தியில் நன்மை வாங்க வேண்டுமே, அதற்கு நீதிபதி என்ன செய்வார்?” என்றார்.

அவர் முதலில் செய்த வேலை இருவர் வீட்டுக்கும் தனித்தனியே போனதுதான். மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் சொல்லும் முறை அது: குற்றம் செய்தவனிடம் முதலில் தனிமையில் பேசு, கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துப் போ, அதன் பின்னரே சபைக்குச் சொல். நாங்களோ முதற்படியையும் இரண்டாம் படியையும் தாண்டி நேரே மூன்றாம் படியில் ஏறி நின்று கூவியவர்கள். 1983-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதே வழியைக் காட்டுகிறது. நம்பிக்கையாளரிடையே வழக்குகள் எழாமல் தவிர்க்கவும், எழுந்தவற்றை விரைவில் அமைதியாக முடிக்கவும் எல்லாரும், சிறப்பாக ஆயர்கள், முயல வேண்டும் என்பது அதன் 1446-ஆம் விதி. வழக்கைத் தொடங்குமுன்னரே சமரசத்துக்கு வழியுண்டா என்று பார்ப்பது நீதிபதியின் கடமை என்றும் அவ்விதி கூறும்.

வீடுகளுக்குப் போய்வந்த பெரியவர், இருவரையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் பின்புறத் தேநீர்க்கடை விசுப்பலகைக்கு வரச்சொன்னார். ஆலய மண்டபத்தை விட்டுச் சந்தை ஏன் என்று கேட்டோம். “மண்டபத்தில் பேசினால் கேட்பவர்களுக்காகப் பேசுவார்கள். இங்கே கேட்க ஆளில்லை. மேலும் சனிக்கிழமை மீன் வாங்க இரண்டு பேரும் எப்படியும் வருவார்கள், வந்தேன் என்ற தாழ்வு யாருக்கும் இல்லை” என்றார். பாடற்குழுத் தலைவருக்குத் துணையாக எங்களையும், பொருளாளருக்குத் துணையாக அவர் மைத்துனரையும் இருக்கவிட்டார். விதி ஒன்றே வகுத்தார். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் மறுமொழி கூறலாகாது. முதலில் தாம் கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். “ஆம், நான் சொன்னது இதுவே” என்று முன்னவர் ஒப்பிய பின்னரே மறுமொழி.

முதற் சனிக்கிழமை, பணம். பொருளாளர் சீட்டுக்கட்டை அவிழ்த்துப் பரப்பினார். ஷாமியானா, ஒலிபெருக்கி, பூ, அன்னதானம் எல்லாம் சரி. ரூ. 1,175 மட்டும் எங்கே என்றால் வாய் திறக்கவில்லை. பெரியவர் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு காய்கறி வரிசைவரை நடந்தார். திரும்பி வந்தபோது பொருளாளர் கண்கள் சிவந்திருந்தன. பெயர் சொல்லாமல் சொன்னார். குடிசைப் பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் தலைவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் பின் மனைவியும் மக்களும் ஊர் திரும்பத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பயணச்சீட்டுக்குப் பணமின்றி நின்றனர். கையில் இருந்தது திருவிழாப் பணம், கொடுத்துவிட்டார். பிச்சை எடுத்து ஊர் வந்தோம் என்ற பேர் வேண்டாம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாராம். அவரும் சொல்லவில்லை.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் பாடற்குழுத் தலைவர் விதிப்படி தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆயினும் பெரியவர் அத்தோடு விடவில்லை. “தம்பி, நீங்கள் செய்தது நல்ல காரியம். ஆனால் ஊர்ப் பணத்தைத் தனியாளாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கேள்வி கேட்டவர் கேட்டதில் தவறும் இல்லை” என்றார். இரக்கத்தின் பேரால் கணக்கை மறைப்பது ஒருநாள் கள்வனுக்கும் வாசலைத் திறந்துவிடும் அன்றோ? முடிவில் இருவரும் ஒப்பியது இது: துயர் உற்றோர்க்கெனத் தனி உதவி நிதி ஒன்று, பெறுவோர் பெயரை இருவர் மட்டுமே அறிவர், தொகையை அனைவரும் அறிவர். அவ்விருவராகப் பொருளாளரும் பாடற்குழுத் தலைவருமே இருக்க வேண்டும் என்றார் பெரியவர்.

இரண்டாம் சனிக்கிழமை, நேரம். அலுவலகம் போகும் எங்களுக்குக் காலைத் திருப்பலியே வசதி. மாலை வேண்டும் என்றவர்களை வீம்பர் என்றே எண்ணியிருந்தோம். அன்று பெரியவர், சந்தைக்கு அண்மையிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த தமிழ்ச் செவிலிப் பெண் ஒருவரையும், வீட்டுவேலை செய்த அம்மாள் ஒருவரையும் வரவழைத்திருந்தார். ஞாயிறு காலையில்தான் எசமானர் வீட்டில் வேலை மிகுதி என்றார் அந்த அம்மாள். மூன்று ஆண்டுகளாகத் தமிழ்ப் பூசைக்கு நான்குமுறைதான் வரமுடிந்தது என்றார். எங்கள் கூட்டங்கள் எதிலும் அவர் பேசியதில்லை. கூட்டங்களும் காலையில்தானே நடந்தன. ஒரு மாதம் காலை, மறுமாதம் மாலை என்று முடிவாயிற்று. இது கொடுத்துப் பெற்ற சமரசம். பாதி பாதியாகப் பகிர்ந்ததில் எவர் மானமும் குறையவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, சப்பரம். அன்றுதான் அடியில் கிடந்த நெருப்பு மேலே வந்தது. “எங்கள் ஊரில் இன்ன தெருவார்தாம் முதலில் தோள் கொடுப்பர், அது தொன்றுதொட்ட வழக்கம்” என்று சிலர் சார்பில் பொருளாளரின் மைத்துனர் கூறினார். தெரு என்றது சாதியை. எங்கள் பக்கத்திலும் அதே எண்ணம் உடையோர் இருந்தனர். தெருவின் பெயர்தான் வேறு. அதுவரை கற்ற பாடத்தின் உற்சாகத்தில் நாங்கள் ஒரு யோசனை சொன்னோம்: ஆலய வாசலிலிருந்து முதல் திருப்பம்வரை ஒரு சாரார், அதன்பின் மறுசாரார் தூக்கலாமே, நேரத்தைப் பங்கிட்டதுபோல் இதையும் பங்கிடலாமே!

பெரியவர் சினந்து நாங்கள் கண்டது அன்று ஒருநாள்தான். “வடக்கன்குளம் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

பார்த்திராத எங்களுக்கு அவர் விளக்கினார். தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அவ்வூரில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் காற்சட்டையின் இரு கால்கள்போல் இரண்டு நீண்ட கூடங்களாக அமைந்தது, நடுவே தடுப்பு. இரண்டு கூடங்களும் பீடத்தில் போய்ச் சேரும். ஒரு கூடத்தில் ஒரு சாதியார், மற்றதில் மற்றவர். இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டியதில்லை. “அது பகைவர் கட்டிய கோயில் அன்று. நெடுநாள் சண்டையை ஓயவைக்கச் சமாதானத்தை நாடியவர்கள் கட்டியது. உங்கள் யோசனைபோல் பாதி பாதி. அந்தச் சமரசம் சுவராக நின்றது, என் பாட்டனார் சுவருக்கு ஒரு பக்கம் நின்றே பூசை கண்டார்” என்றார். அச்சுவரை 1910-இல் கௌசானல் அடிகளார் இடித்தார். பிரிந்து அமரும் உரிமை கோரி வேளாளர் சிலர் நீதிமன்றம் ஏறினர். திருநெல்வேலியிலும் அவ்வழக்கு நிற்கவில்லை; சென்னை உயர்நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

பின்னர் பெரியவர் சந்தையின் பெயர்ப்பலகைப் பக்கம் கையை நீட்டினார். “யார் பெயரால் அமைந்த கடைத்தெருவில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம்?” என்றார். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மதத்துக்கொரு சமையலறை என்ற பழைய பிரிட்டிஷ் பட்டாளத்து முறை ஒழிக்கப்பட்டு, எல்லாரும் ஒரே உணவை உண்டனர். அப்படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பல்லாயிரவர். சிங்கப்பூரில் நகரத்தார் கோயில் ஒன்றின் விழாவுக்கு அவரை அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் நுழைய முடியாத இடத்துக்கு வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அழைத்தவர்கள் திரும்பிப் போய்க் கலந்துபேசி, யாவர்க்கும் கதவைத் திறந்தனர். அவரும் தம் முஸ்லிம் தோழர்களுடன் சென்றார். உடன் சென்ற ஆபித் ஹசன் பதிவு செய்த நிகழ்ச்சி இது. பாதி வழி அவர் ஒப்பியிருந்தால் கதவும் பாதிதான் திறந்திருக்கும்.

“மீன்காரன் தராசு எதையும் நிறுத்துக் காட்டும். எதை நிறுக்கலாம், எதைத் தட்டில் வைக்கவே கூடாது என்பதைத் தராசு சொல்லாது; நாம்தான் அறியவேண்டும்” என்று முடித்தார். வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறியதைப் பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். அந்த உவமைக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

தோள் கொடுக்க விரும்பும் எவரும் பெயர் தரலாம். சீட்டுக் குலுக்கி ஒரு குழந்தை எடுக்கட்டும் என்று முடிவாயிற்று. மூன்று முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். இதனால் எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். அவ்வாண்டு நான்கு குடும்பங்கள் திருவிழாவுக்கு வரவில்லை. அவற்றுள் ஒன்று பின்னர் ஒருநாளும் வரவில்லை. அக்குடும்பத்தைப் பிடித்துவைக்க வேண்டி அந்த அம்மாளின் மகன் சப்பரத்தைத் தொடக்கூடாது என்று விட்டிருந்தால், இழப்பு கண்ணுக்குத் தெரியாததாக இருந்திருக்கும்; இல்லாமற் போயிராது.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. சமரசத்துக்கு இன்று சட்டத்திலும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் லோக் அதாலத் முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலிமையைத் தந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம், சமரசப் பேச்சில் விட்டுக்கொடுத்துக் கூறியவற்றைப் பிறகு வழக்கில் சான்றாகக் காட்டலாகாது என்று காவல் அமைத்தது. 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டமோ அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் குலைக்கும் பிணக்குகளை மூவர் குழுவைக் கொண்டு தீர்க்கும் வகையைக் கூறுகிறது. பெரியவரின் விசுப்பலகைக்கு ஏறத்தாழச் சட்டப் புத்தகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது எனலாம்.

பேசித் தீர்க்கத் தக்கவற்றைப் பேசியே தீர்க்கவேண்டும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. எங்கள் மீன்கடை மலையாள நண்பர்களின் சீரோ மலபார் திருச்சபையில், குரு எத்திசை நோக்கி நின்று பலி நிறைவேற்றுவது என்பது குறித்து 2021-இல் ஆயர் மன்றம் எடுத்த முடிவால் எறணாகுளம் - அங்கமாலியில் பெரும்பிளவு மூண்டது. ஞாயிறுதோறும் ஒரு திருப்பலியேனும் புதிய முறையில் என்ற உடன்பாட்டுக்கு 2024 ஜூலையில்தான் வந்தனர். அதன் பின்னும் பூசல் எழுந்து, மீண்டும் பேச வேண்டியதாயிற்று. பேச்சு ஒருநாளில் முடிவதன்று.

பேரம் பேசத் தகாதவற்றைப் பேரத்துக்கு விட்டால் என்னாகும் என்பதற்கு 2008 மார்ச் மாதத்து எறையூர் சான்று. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து அவ்வூரில், ஆலயத்தில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்க்கும் மற்றவர்க்கும் நெடுநாள் ஆறாதிருந்த பிணக்கு வன்முறையாய் வெடித்து, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பொதுநன்மையைச் சார்ந்தவற்றிலும், தரப்பினர் தம் விருப்பம்போல் விட்டுக்கொடுக்க உரிமையற்றவற்றிலும் சமரச உடன்பாடு செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1715-ஆம் விதி. ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சமம் என்பது விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லாத பொருள். அதை நிலைநாட்டிய பின்னரே சமரசம் தொடங்கும். சாதி பாராமல் பழகிய தேவசகாயம் 2022 மே 15-ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட செய்தியைக் கேட்டபோது, அதைக் கேட்கப் பெரியவர் இல்லையே என்று வருந்தினோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். முதற் சனிக்கிழமை பேச்சு முடிந்ததும் பெரியவர் எங்களை நிறுத்தி, “விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதுங்கள். அது போதாது, அவர் வீட்டுக்குப் போங்கள்” என்றார். மறுநாள் மாலை போனோம். பொருளாளரின் மனைவி கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். 'கையாடல்' என்ற சொல் எங்களுடையது, மற்றப் பதினெட்டுப் பேருடையது அன்று என்று ஒப்புக்கொண்டோம். நகலைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். அவர் முன்னிலையில் கிழித்துவிட எண்ணம். அவர் தடுத்தார்.

“கிழிக்காதீர்கள், அண்ணாச்சி. பெட்டியில் வைத்திருங்கள். இனி யாரைப் பற்றியேனும் எழுத நேர்ந்தால், எழுதுமுன் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்” என்றார்.

அத்தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் எடுத்துப் படித்தோம்.